கேட்கும் சிறுமியும் ஆடும் சிறுமியும்

'டோட்டோ சான்' படித்த பலருக்கு, அந்தச் சிறுமியின் முகம் என்றால் சிஹிரோ இவாசாகியின் நீர்வண்ண முகம்தான். ஆனால் சிஹிரோ 1974இல் காலமானார். தெத்சுகோ குரோயாநாகியின் இந்த நூல் வந்தது 1981இல். ஓவியர் விட்டுச்சென்ற படங்களிலிருந்து பொறுக்கியெடுத்துச் சேர்த்தவையே நூலின் சித்திரங்கள். கதைக்காக வரையாத படங்கள் கதையைத் தாங்குகின்றனவா?

இசையை வைத்துச் சோதிக்கலாம். நூலின் உயிர்நாடி அதுதான். டோட்டோவின் அப்பா வயலின் கலைஞர். அவள் இரண்டாவதாகச் சேர்ந்த தொமோயே பள்ளியை 1937இல் தொடங்கிய சொசாகு கொபாயாஷி, டால்குரோஸ் உருவாக்கிய தாளப் பயிற்சியை ஐரோப்பாவில் கற்றுவந்தவர்.

முதல் பள்ளியில் டோட்டோ பாடத்தை விட்டுவிட்டு, தெருவில் வரும் வாத்தியக்காரர்களுக்காக ஜன்னலருகே காத்து நிற்கிறாள். இந்த இடத்தில் சிஹிரோவை மிஞ்ச ஆளில்லை. ஈரத்தில் கசிந்து பரவும் நிறம், பொட்டு வைத்தாற்போன்ற கண்கள், சுற்றிலும் தீட்டாமல் விட்ட வெள்ளைத்தாள். அட்டையிலுள்ள பழுப்புத் தொப்பிச் சிறுமியின் கவனம் எதில் என்று படம் சொல்வதில்லை. வாத்தியம் எதையும் வரையாமலே, காது கொடுத்து நிற்கும் குழந்தையை நமக்குக் காட்டிவிடுகிறது.

தொமோயேயின் இசை வகுப்போ வேறு. பியானோவின் தாளம் மாறினால் நடையும் மாற வேண்டும். இசையைப் பாதம் உணர்ந்து உடல் சொல்ல வேண்டும். அதற்கு எடையும் விசையும் உள்ள கோடு தேவை. கரைந்து மிதக்கும் இந்த உருவங்களில் அது இல்லை. முதல் பள்ளியில் மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடி ஆசிரியையைத் திணறடித்த சிறுமியையும் இந்தச் சாந்தமான முகத்தில் தேட முடியாது.

இதை ஓவியரின் இயலாமை என்று தள்ளிவிடவும் முடியாது. வியட்நாம் போர்க்காலத்தில் 1973இல் வெளியான 'போர்த்தீயில் குழந்தைகள்' நூலில், அதே தூரிகை கருமையும் கடுமையும் காட்டியது. மென்மை அவர் தேர்ந்துகொண்ட வழி. அவருடைய எல்லை அன்று. நூலாசிரியருக்குப் படங்கள் மிகவும் பிடித்திருந்தன என்பதும் வாதமாகாது. விருப்பம் வேறு, பொருத்தம் வேறு.

ஆகவே என் தீர்ப்பு இது: ஓவியங்களாக இவை முதல் தரம், இந்நூலின் சித்திரங்களாகப் பாதி வெற்றி. இசையைக் கேட்கும் டோட்டோ இவற்றில் இருக்கிறாள். இசையோடு ஓடியாடும் டோட்டோவை எழுத்தில்தான் சந்திக்க முடியும். அட்டையை மட்டும் பார்த்து அவளைச் சாதுவென்று எண்ணுபவர்கள், அவளை முதல் பள்ளியிலிருந்து ஏன் விலக்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ளவே மாட்டார்கள்.