எசமானனின் கணக்கும் ஆயாவின் கதையும்

அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ 1976இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று சுருக்க வடிவில் வந்து, தோழர்களிடையே கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன புத்தகம். அடிமையாக்கப்பட்டவர்களின் வாரிசு ஒருவன் தன் பூட்டன் பேரைத் தேடிப் போகிறான் என்ற ஒன்றே நம்மை அதன் பக்கம் இழுக்கப் போதுமானதாக இருந்தது. அதை இன்று மறுபடியும் வாசிக்க வேண்டியிருக்கிறது. சேரியிலிருந்து படித்து வந்த பிள்ளைகள் தம் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கிவிட்டார்கள். எதை நம்பி எழுதுவது? காகிதத்தையா, கிழவிகளின் வாயையா?

ஹேலியின் கதை காகிதத்தில் தொடங்கவில்லை. டென்னசி மாநிலத்தில் ஹென்னிங் என்ற சிற்றூர். பாட்டி சிந்தியாவும் அவளுடைய சகோதரிகளும் சாயங்காலத்தில் வீட்டு முன்புறம் உட்கார்ந்து பேசும் பேச்சு. ‘ஆப்பிரிக்கக்காரன்’ ஒருவன் இருந்தான். மேளம் செய்ய மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டான். நரம்புக் கருவியைக் ‘கோ’ என்பான், ஆற்றைக் ‘காம்பி போலோங்கோ’ என்பான். எசமானன் வைத்த டோபி என்ற பேரை ஏற்க மாட்டேன் என்றான். இந்தச் சில சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் ஹேலி காம்பியாவுக்குப் போனார். 1967இல் ஜுஃபுரே கிராமத்தில் ஒரு கிழவர் கின்டே வம்சத்தின் கதையைச் சொல்ல, அதில் குன்டா என்ற பேர் வந்தது. பிறகு ஆவணக் காப்பகங்களில் தேடி, 1767இல் அனாபொலிஸ் துறைமுகத்துக்கு அடிமைகளை ஏற்றிவந்த ‘லார்ட் லிகோனியர்’ கப்பலைக் கண்டுபிடித்தார். வர்ஜீனியாவில் வாலர் குடும்பத்துப் பத்திரத்தில் டோபி என்ற பேர் இருந்தது. குன்டாதான் டோபி என்று முடிச்சுப் போட்டார்.

அந்த முடிச்சு நிற்கவில்லை. கப்பல் வருவதற்கு முன்பே வாலர் குடும்ப ஆவணங்களில் டோபி இருக்கிறான் என்று வம்சாவளி ஆய்வாளர்கள் 1981இல் எழுதினார்கள். காம்பியக் கிழவர் முறையாகப் பயின்ற பரம்பரைக் கதைசொல்லி அல்ல, ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்றும் ஆட்கள் சொன்னார்கள். ஹெரால்ட் கூர்லேண்டர் 1967இல் எழுதிய ‘தி ஆஃப்ரிக்கன்’ நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாக வழக்கு வந்தது. 1978இல் ஹேலி 6,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்.

இதையெல்லாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. நம்மாளு என்பதற்காகப் பொய்யைத் தூக்கிச் சுமப்பது விடுதலை அரசியல் ஆகாது. ஆனால் ஹேலியைக் கூண்டில் ஏற்றிய விமர்சனத்தில் பெரும்பகுதி, அந்தக் காகிதத்தைக் கூண்டில் ஏற்றவில்லை. அந்தக் காகிதத்தை எழுதியவன் யார்? 1850, 1860 ஆண்டுகளில் அமெரிக்க அரசு எடுத்த அடிமைக் கணக்கில் எசமானன் பேர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசை வரிசையாகப் போகும். அடிமைகளின் பேர் பெரும்பாலும் இருக்காது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பேரோடு குடிக்கணக்கில் ஏறியது 1870இல்தான். அதற்கு முன்னால் தேடுகிற கறுப்பினத்தவர் தன் பாட்டனைத் தேட, பாட்டனை வைத்திருந்தவனின் சொத்துப் பட்டியலைத்தான் புரட்டியாக வேண்டும். மாட்டுக்கும் மனுசனுக்கும் விலை போட்ட காகிதம், எப்படி நடுநிலைச் சாட்சி ஆகும்?

ஹேலியின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பாட்டி சொன்னதை, பாட்டி சொன்னதாகவே நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. எசமானன் ஆவணத்தின் முத்திரை அதற்கு வேண்டியிருந்தது. அதோடு ஒரு மேன்மையான ஆண் மூதாதையும் வேண்டியிருந்தது. ஏழாம் தலைமுறையில் ஒரு மனிதனுக்கு 64 மூதாதையர். கதை அதில் ஒருவனைப் பிடித்து நாயகனாக்கியது. அந்தக் கதையைக் காப்பாற்றி வந்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள்: குன்டாவின் மகள் கிஸ்ஸி, பின்னால் சிந்தியா, ஹேலியின் தாய் பெர்த்தா. கிஸ்ஸியை எசமானன் வன்புணர்ந்து பிறந்தவன்தான் ஜார்ஜ் என்று புத்தகமே சொல்கிறது. ஆக, அந்த எசமானனும் இந்த வம்சத்தில் இருக்கிறான். ‘தூய வேர்’ என்பது எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் நம் கதைக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று இடத்துக்குப் பேர் இருக்கிறது; அங்கே குடியிருந்தவர்களுக்குப் பேர் இல்லை. 1843இன் ஐந்தாம் சட்டம் வரும்வரை நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற பத்திரங்கள் இங்கே உண்டு. நிலக் கணக்கு நிலம் வைத்திருந்தவனின் கணக்கு. அதில் நமக்கு இடமேது? நம் ஆட்கள் தகப்பன் பேர், வயசு, சாதி, ஊர், தாலுகா, உடம்பு அடையாளம் என்று முழுசாகப் பதிவானது, நேட்டாலுக்குப் போன கப்பல் பட்டியல்களில். 1860 முதல் 1911 வரை அங்கே போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இத்தனை அக்கறையாக எழுதிக்கொண்டது எதற்கு? ஓடிப்போனால் பிடிக்க.

எங்க தாத்தாவை நான் ஒரு பழைய பதிவேட்டில் தேடினேன். ‘முனியன்’ என்று இருந்தது. ஆயாவிடம் சொன்னேன். “அது ஊர்க்காரன் கூப்ட்ட பேருடா. நாங்க வெச்ச பேரு முனுசாமி. சாமின்னு கூப்ட அவனுக்கு வாய் வருமா?” என்றது. பதிவேடு பொய்யா? இல்லை. எங்க தாத்தாவை ஊர் எப்படி நடத்தியது என்பதற்கு அது நல்ல சாட்சி. அவர் யார் என்பதற்கு ஆயா சாட்சி. ஆயாவுக்கு வருசம் தெரியாது. “தாது வருசப் பஞ்சத்துல பொறந்தவ எம் மாமியா” என்று சொல்லும். அது 1876 என்று காகிதம் சொல்லும். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது நாலு தலைமுறைப் பொம்பளைங்க பேரும் அந்த வாயில் வரும். எந்தக் கணக்குப்பிள்ளையும் அந்தப் பேர்களை எழுதி வைத்ததில்லை.

ஆகவே இளம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். காகிதத்தையும் கதையையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் முரண்படுகிற இடத்தில் ஒட்டுப்போட்டு மறைக்காமல், ஏன் முரண்படுகிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில்தான் சாதி தன் கைரேகையை விட்டுப் போயிருக்கிறது. கதையில் ஓட்டை இருந்தால் ஓட்டை என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. இப்போது நம்மிடையிலும் ‘ஆண்ட பரம்பரை’ என்ற ஆசை முளைத்திருக்கிறது. உட்சாதிக்கு ஒரு ராசா, ஒரு கோட்டை, ஒரு வாள். ராசாவின் பேரன் என்றால்தான் மரியாதை என்று ஒத்துக்கொண்டால், நாற்று நட்டுச் செத்த நம் பாட்டிக்கு மரியாதை இல்லை என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுதான் எசமானன் எழுதிய கணக்கும். ஹேலியின் முடிச்சு அவிழ்ந்த பிறகும் சிந்தியா பாட்டியின் பேச்சு அவிழவில்லை. ராசா எங்கே என்று தேடி அலைவதை விட்டுவிட்டு, நம் வீட்டுக் கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள வேண்டும். அவசரமான வேலை அது.