உள்ளதும் ஆவதும்: பஹாய் திருவெழுத்துகளில் இருப்பைக் குறிக்கும் சொற்கள்

பஹாய் சமயத்தின் திருவெழுத்துகள் அரபு, பாரசீகம் ஆகிய இரு மொழிகளில் அமைந்தவை. பாப் (1819–1850), பஹாவுல்லா (1817–1892) ஆகியோரின் அருளுரைகளிலும், அவற்றுக்கு விளக்கம் தந்த அப்துல்-பஹாவின் (1844–1921) நூல்களிலும் இருப்பைக் குறித்து வரும் கலைச்சொற்கள் பெரும்பாலும் இஸ்லாமிய மெய்யியல் பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வழங்கி, வாதங்களால் கூர்மை பெற்றவை. ஆதலால் அத்தகைய சொல்லொன்றை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், அது எந்தப் பள்ளியின் பொருளில் அவ்விடத்தில் ஆளப்பட்டுள்ளது என்பதை முதலில் தெளிய வேண்டியவராகிறார்.

இச்சொற்களுள் தலையாயது 'வுஜூத்'. 'கண்டடைதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல், கிரேக்க மெய்யியல் நூல்கள் அரபுக்கு வந்த காலத்தில் 'இருத்தல்' என்னும் பொருளுக்கு உரியதாக்கப்பட்டது. 'கண்டடையப்பட்டது' எனப் பொருள்படும் 'மவ்ஜூத்' உள்பொருளைக் குறித்தது. எழுவாயையும் பயனிலையையும் இணைக்கக் கிரேக்கத்தில் 'எஸ்தின்' என்றும் பாரசீகத்தில் 'ஹஸ்த்' என்றும் சொற்கள் இருக்க, அரபில் அத்தகைய இணைப்புச் சொல் இயல்பாக இல்லை என்பதை அல்-ஃபாராபி (இறப்பு 950) எழுத்துகளைப் பற்றிய தம் நூலில் ஆராய்ந்தார். 'அவன் ஆசிரியன்' என்று இணைப்புச் சொல் இன்றியே தொடரை முடிக்கும் தமிழ், இவ்வகையில் அரபுக்கு அண்மையில் நிற்கிறது.

பின்வந்த பள்ளிகள் இச்சொல்லைத் தத்தம் போக்கில் வளர்த்தன. இப்னு சீனா (980–1037) ஒரு பொருள் 'இன்னது' எனப்படும் தன்மையாகிய 'மாஹிய்யா'வையும் அது உளதாதலையும் பிரித்துக் காட்டி, இல்லாமற்போக இயலாத இறைவனை இன்றியமையா இருப்பாகவும், பிறிதொன்றால் உளதாகும் உலகை 'இம்கான்', அதாவது உளதாகவும் இலதாகவும் கூடிய நிலையாகவும் வகுத்தார். இப்னு அரபியின் (1165–1240) வழிவந்தோர் இருப்பு ஒன்றே என்னும் 'வஹ்தத்துல் வுஜூத்' கொள்கையை நிறுவினர். முல்லா சத்ரா (இறப்பு 1640) இருப்பே மெய், தன்மைகள் அறிவு வகுத்துக்கொள்பவை என்றார். ஷெய்க் அஹ்மத் அஹ்ஸாயி (1753–1826) அவரை மறுத்து, படைக்கப்பட்ட பொருளில் இரண்டும் மெய்யே என்று வாதிட்டார். பாபின் முதற்சீடர் பலர் இந்த ஷெய்க்கின் மரபில் பயின்றவர்கள் என்பதால், இவ்விவாதத்தின் சாயல் பஹாய் நூல்களிலும் படிந்துள்ளது.

இந்த மரபுக்கு அப்துல்-பஹா காட்டிய எல்லை, லாரா கிளிஃபர்டு பார்னி அக்கா நகரில் 1904 முதல் 1906 வரை அவரிடம் வினவித் தொகுத்து 1908இல் வெளியிட்ட உரையாடல் நூலில் தெளிவாகத் தெரிகிறது. பொருள்களைப் பற்றி அறிவு உருவாக்கிக்கொள்ளும் பொதுக் கருத்தாகிய இருப்பு வேறு, எல்லாப் பொருள்களும் எதனால் உளவாகின்றனவோ அந்த மெய்ந்நிலை வேறு என்று அவர் பிரிக்கிறார். அடுத்து, விதை மரமாக விரிவது போல மூலமே பல வடிவங்களாக வெளிப்படுதல் 'ஸுஹூர்' என்றும், பேச்சு பேசுவோனிடமிருந்து புறப்பட்டும் பேசுவோன் பேச்சாக மாறாதிருப்பது போன்றது 'சுதூர்' என்றும் விளக்கி, படைப்பு இறைவனிடமிருந்து வந்தது பின்னைய முறையிலேயே என்று நிறுவுகிறார். இரண்டையும் 'வெளிப்பாடு' என ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால், அவர் மறுத்த கொள்கையே அவர் கூற்றாகப் படிக்கப்பட்டுவிடும்.

அதே நூலில் வரும் 'கிதம்' (முன்மை), 'ஹுதூஸ்' (தோன்றுதல்) என்னும் இணையும் இத்தகையதே. காரணம் எதுவும் இல்லாதிருத்தல் இயல்பான முன்மை, காலத்தில் தொடக்கம் இல்லாதிருத்தல் காலவகை முன்மை. உலகுக்குக் காலத்தொடக்கம் இல்லையெனினும் காரணத்தைச் சார்ந்திருப்பதால் அது இயல்பில் தோன்றியதே. 1908ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு 'ஹுதூஸ்' என்பதற்குப் புலன்களுக்குத் தோற்றமளிப்பதைக் குறிக்கும் சொல்லையே ஆண்டது. 2014இல் வந்த திருத்திய பெயர்ப்பு 'தோற்றம் பெறுதல்' என்னும் பொருளுடைய சொல்லுக்கு மாறிற்று. முன்னையதை நம்பித் தமிழாக்குவோர் 'தோற்றப்பாடு' என்று எழுத நேரும். அது உலகம் வெறுந்தோற்றம் என்னும் மாயாவாதக் குறிப்பைத் தந்து பொருளைத் திரித்துவிடும்.

மொழிபெயர்ப்புக்கு அளவுகோலாக நிலைத்தவை, அப்துல்-பஹாவுக்குப் பின் சமயத்தை வழிநடத்திய ஷோகி எஃபெண்டியின் (1897–1957) ஆங்கில ஆக்கங்கள். பிறமொழியாளர் பொதுவாக அவற்றை அடியொற்றிப் பெயர்ப்பதும், தேவைப்படும் இடத்தில் மூலத்தை ஒப்புநோக்குவதும் வழக்கம். 1931இல் பஹாவுல்லாவின் கித்தாப்-இ-ஈக்கானை ஆங்கிலத்தில் வெளியிட்ட அவர், ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே நிகர் என்னும் விதியை ஏற்காமல், 'வுஜூத்' என்பதை இடத்துக்கேற்ப இருத்தல் எனவும் படைப்பு எனவும் பெயர்த்தார்.

தமிழில் இப்பொருளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. உள்ள சொற்களுக்கு வேறு சுமைகள் உண்டு என்பதே இடர். 'இருப்பு' கடைச்சரக்கையும் வங்கிக் கணக்கையும் நினைவூட்டுவது. 'இருத்தலியல்' இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனைக்கு உரியதாகிவிட்டது. 'சத்து' சித்தாந்த, வேதாந்த வாதங்களோடு வருவது. 'உள்' என்னும் அடியிலிருந்து வந்த 'உண்மை' முன்பு உளதாம் தன்மையையே குறித்தது. சிவஞானபோதத்தின் முதல் மூன்று நூற்பாக்களைப் பதியுண்மை, பாசவுண்மை, பசுவுண்மை என்று வகுக்கும் மரபில் அப்பொருள் இன்றும் காக்கப்படுகிறது. எனினும் இக்காலப் படிப்போர் அதனை வாய்மை என்றே கொள்வர் என்பதால், 'உளதாம் தன்மை' என விரித்தெழுதுவதே தெளிவு தரும்.

இருத்தலோடு ஆதலைக் குறிக்கும் சொல்லும் கருதத்தக்கது. பஹாவுல்லாவின் நீண்ட கட்டாயப் பிரார்த்தனையில் இறைவனின் படைப்பாணை இரண்டு எழுத்துகளின் இணைப்பாகக் குறிக்கப்படுகிறது. 'ஆகு' என்னும் பொருளுடைய 'குன்' என்ற அரபு ஏவலின் காஃப், நூன் ஆகிய எழுத்துகளே அவை. படைப்புப் பொருள்களைக் குறிக்கும் 'காயினாத்' என்பதும் இதே வேரிலிருந்து வந்தது. ஷோகி எஃபெண்டி அரபு எழுத்துகளை ஒலிபெயர்க்காமல், ஆங்கில ஏவற்சொல்லின் 'பி', 'ஈ' என்னும் இரண்டு எழுத்துகளை அவற்றின் இடத்தில் வைத்தார். அவ்வழியைத் தமிழில் பின்பற்றினால் 'ஆகு' என்பது 'ஆ', 'கு' என இரண்டு எழுத்தாகவே நிற்கிறது. ஆங்கிலம் ஒரே வினையால் குறிக்கும் இருத்தலையும் ஆதலையும் தமிழ் 'உள்', 'ஆ' என வெவ்வேறு அடிகளால் பிரித்துக் காட்டுகிறது. இறைவனுக்கு 'உள்' என்பதையும் படைப்புக்கு 'ஆ' என்பதையும் உரிமையாக்கி, அவ்வரையறையை நூல் முழுதும் பிறழாமல் காத்தால், அப்துல்-பஹா பேசுவோன், பேச்சு என்னும் உவமையால் காத்த வேற்றுமை தமிழில் வினையடியிலேயே காக்கப்படும்.