‘கள்வன்’: சொல்லும் சமூக நிலையும்

‘கள்வன்’ என்னும் சொல் பொருளைத் திருடுவோனை மட்டுமன்றி, இனிமை காட்டி உள்ளத்தைக் கவர்ந்து ஏய்ப்பவனையும் குறித்து வந்துள்ளது. கலித்தொகை 51ஆம் பாடலில், உண்ணுநீர் கேட்டு வந்து தலைவியின் கையைப் பற்றியவனை அவள் இச்சொல்லாற் சுட்டுகின்றாள். எனினும், அவன் நீர் விக்கினான் எனத் தாயிடம் பொய் கூறி அவனைக் காப்பவளும் அவளே. இங்கு வசை அன்பின் குறியாகும்.

குறுந்தொகை 25ஆம் பாடலில் நிலைமை வேறு. களவிற் கூடியவன் வாக்குத் தவறின், மீன் பார்த்து நின்ற குருகன்றி அவளுக்குச் சான்று கூறுவார் எவருமிலர். இவ்விடத்தும் ‘கள்வன்’ என்பதைச் செல்லமொழியாகக் கொண்டு நயம் பாராட்டுவது, அவளது முறைப்பாட்டை மறைப்பதாகும். களவொழுக்கத்தில் ஏமாற்றுத் தலைகாட்டியமையாலேயே மணச்சடங்குகள் வகுக்கப்பட்டன எனும் தொல்காப்பியக் கற்பியற் கருத்து, அம்முறைப்பாட்டின் சமூக அடிப்படையைத் தெளிவாக்குகின்றது.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தேவாரம் இச்சொல்லை இறைவனுக்கு உரியதாக்கியது. அங்கு ஏய்ப்பு அருளாயிற்று, இழப்புப் பேரின்பமாயிற்று. அப்பொருளிற் பழகிய நாம் அதனைச் சங்கப் பாடல் மீதும் ஏற்றிவிடுகின்றோம். ஒரு சொல்லின் பொருளைத் துணிவதற்கு, அதனைக் கூறுபவர் எந்நிலையில் நின்று கூறுகின்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். சான்றற்று நிற்கும் ஒரு பெண்ணின் குற்றச்சாட்டை வெறும் கொஞ்சுமொழியாக்கும் திறனாய்வு, கள்வனின் பக்கமே சாய்ந்து விடுகின்றது.