பேரன் எழுதுவித்த பாட்டனார் சரித்திரம்

பைஸாந்தியச் சக்கரவர்த்தி முதலாம் பஸீலின் வாழ்க்கை வரலாறு 'வீட்டா பஸீலி' என்ற பெயரில் அறியப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவருடைய பேரன் ஏழாம் கொன்ஸ்தந்தீன் தன் பெயரால் ஆக்குவித்த நூல் இது. ஈஹோர் ஷெவ்சென்கோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (2011) வாசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுவையான புத்தகம். கவனமில்லாமல் வாசித்தால் நம்பிவிடுவோம்.

பஸீல் ஒரு குடியானவர் மகன். குதிரைகளை அடக்கத் தெரிந்ததால் அரண்மனைக்குள் நுழைந்தவர். நூலிலோ தந்தைவழியில் ஆர்மீனிய அர்ஸாகிய மன்னர்கள், தாய்வழியில் மகா கொன்ஸ்தந்தீன்! வயலோரம் தூங்கிய குழந்தைக்குக் கழுகொன்று சிறகு விரித்து நிழல் கொடுத்ததாம். இதையெல்லாம் அரசவை அலங்காரம் என்று விட்டுவிடலாம். கொலையை அப்படி விட முடியாது. தன்னை உயர்த்திவிட்ட மூன்றாம் மைக்கேல் 867 செப்டெம்பரில் கொல்லப்பட்ட பிறகுதான் பஸீல் தனியாட்சிக்கு வந்தார். உயிரச்சம் கொண்ட பெரியவர்கள் காவலாளரைக் கொண்டு காரியத்தை முடித்தார்கள் என்கிறது நூல். பஸீலின் கை எங்குமே தெரியாது. லொகொதெத் சிமியோனின் சரித்திரம் வேறு கதை சொல்கிறது: மைக்கேலின் படுக்கையறையைப் பூட்ட முடியாதபடி தாழ்ப்பாளைக் கெடுத்து வைத்ததே பஸீல்தான்.

கொலை நியாயமாகத் தெரிய வேண்டுமென்றால் செத்தவர் கெட்டவராக இருக்க வேண்டும், இல்லையா? ஆகவே மைக்கேல் குடிகாரர், தேரோட்டப் பைத்தியம். அரபுப் படை வருவதை எல்லையிலிருந்து அறிவிக்கும் தீச்சமிக்ஞை தன் தேர்ப்பந்தயத்தைக் கெடுக்கிறதென்று அதையே நிறுத்தச் சொன்னாராம். வீட்டா பஸீலி சேர்ந்திருக்கும் அதே தொகுப்பில் இந்தக் கதையும் வருகிறது.

இங்கேதான் தபரி நமக்குக் கைகொடுக்கிறார். ஹிஜ்ரி 249இல் (863) மலத்தியாவின் அமீர் உமர் ரோமருடனான போரில் கொல்லப்பட்டதையும், செய்தி கேட்டு பக்தாத் மக்கள் கொந்தளித்துச் சிறையைத் திறந்துவிட்டதையும் அவர் பதிந்திருக்கிறார். அந்நாளில் ரோமரின் சக்கரவர்த்தி யார்? இதே 'குடிகார' மைக்கேல்தான். அவரை உயர்த்திக் காட்டத் தபரிக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. உமையாக்களைப் பற்றிப் பெரும்பாலும் அப்பாஸியர் காலத்து ஏடுகளிலிருந்தே தெரிந்துகொண்ட நமக்கு, வென்ற வீட்டார் எழுதும் சரித்திரம் புதிதல்ல.

நூறாண்டு கழித்துப் பேரனுக்கு ஏன் இந்தப் பாடு? கொன்ஸ்தந்தீன் பிறந்தது 905இல். தந்தை ஆறாம் லியோ அவருடைய தாய் ஸோயியை மணந்தது அதற்குப் பிறகுதான். அதுவும் நான்காம் திருமணம், திருச்சபை ஏற்காதது. பிறகு 944 வரை இருபத்து நான்கு வருடங்கள் ரொமானுஸ் லெகபினுஸ் இவரை ஓரங்கட்டி ஆண்டார். தன் பிறப்பையே கேள்வி கேட்கிறார்கள் என்றால், வம்சத்தின் வேரையாவது உறுதியாகக் காட்ட வேண்டாமா?

அந்த வேரிலும் சிக்கல். லியோவின் தாய் எவுதொகியா முதலில் மைக்கேலின் காதலி. மைக்கேல்தான் அவரைப் பஸீலுக்குக் கட்டிவைத்தார். 866இல் பிறந்த லியோ மைக்கேலின் பிள்ளை என்று அக்காலத்திலேயே ஒரு கதை இருந்தது. அது உண்மையானால், பேரன் சேறு பூசியது தன் சொந்தப் பாட்டனார்மீது! பஸீல் இறந்து 886இல் ஆட்சிக்கு வந்ததும் லியோ செய்த முதற் காரியங்களில் ஒன்று, மைக்கேலின் உடலை எடுப்பித்து, கொன்ஸ்தந்தினோபிளில் சக்கரவர்த்திகள் உறங்கும் அப்போஸ்தலர் ஆலயத்தில் அரச மரியாதையோடு அடக்கியது.