யார் கோலால் அளந்தது?

கொடைக்கானலைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் பலவற்றில் ஊரின் உயரம் 2133 மீட்டர் என்று அச்சாகியிருக்கும். கடைசி மீட்டர் வரைக்கும் சொல்கிறார்களே, யாரோ கருவி வைத்து அளந்திருக்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். ஒருநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து 7000-ஐ 0.3048-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 2133.6 வந்தது. "ஏழாயிரம் அடி உயரத்துல இருக்கு நம்ம ஊரு" என்று பெரியவர்கள் சொல்லிவந்த உருண்டை எண்தான் மீட்டருக்கு மாறி, துல்லியமான எண்ணைப் போல உட்கார்ந்திருக்கிறது.

ஊர் ஒரே மட்டத்தில் இல்லை என்பது இங்கே நடந்து பழகிய கால்களுக்குத் தெரியும். ஏரிக்கரையிலிருந்து வானாய்வகத்துக்கு ஏறினால் மூச்சு வாங்கும். வானாய்வகம் இருப்பது 2343 மீட்டரில். அது அளந்து சொன்ன எண். தூண் பாறையின் 400 அடி 122 மீட்டர் ஆனதும், வெள்ளி நீர்வீழ்ச்சியின் 180 அடி 55 மீட்டர் ஆனதும் கொடைக்கானலின் 2133 வந்த வழியில்தான் என்று படுகிறது. தோராயமாகச் சொன்ன அளவை நுட்பமாகப் பெருக்கினால் விடையும் தோராயமாகத்தான் இருக்கும். இதை மறந்துவிட்டுப் பழைய அளவுகளைப் புதிய அளவுகளாக மாற்றும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தத்தில்தான் இந்த மலருக்கு நம் நீட்டலளவை மரபைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டேன்.

நம் மரபில் முழம் என்றால் ஒரு முழம் இல்லை. அளந்தவர் யார், எதற்காக அளந்தார் என்பதைப் பொறுத்துப் பல பள்ளிகள் உண்டு.

முதலாவது உடம்புப் பள்ளி. விரல், சாண், முழம், ஆள் உயரம், ஓராள் ஆழம். கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தின் நுனியை நடுவிரலால் அழுத்திப் பிடித்து, முழங்கைக்குச் சுற்றி இழுத்துக் கிள்ளுகிறாரே, இந்தப் பள்ளி இன்றும் அங்கேதான் நடக்கிறது. "அக்கா, உங்க கை சின்னக் கைக்கா, நல்லா நீட்டி அளங்க" என்று ஒரு பெண் கேட்க, "சின்னக் கைதான் தாயி, பூவு நெருக்கமாக் கட்டியிருக்கேன்ல" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பள்ளியின் சட்டமே அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் கண்ணெதிரே கை இருக்கிறது. கையைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். இந்த முழத்தைச் சென்டிமீட்டரில் எழுத வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.

இரண்டாவது ஏட்டுப் பள்ளி. காரி நாயனாரின் கணக்கதிகாரம் அணுவில் தொடங்கி எட்டெட்டாகப் பெருக்கிக்கொண்டு போகும். துகள், மயிர்முனை, நுண்மணல், கடுகு, எள், நெல் என்று வளர்ந்து, எட்டு நெல் ஒரு விரல் ஆகும். பிறகு பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு கோல், ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு, நான்கு கூப்பிடு ஒரு காதம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் நாவில் ஏறுவதற்கென்றே கட்டிய ஏணி இது. வாய்பாடாக இதற்கு நிகரில்லை. ஆனால் இதை வைத்து வழி அளக்கப் போனால் என்ன ஆகும்?

முழத்தை 18 அங்குலமாகக் கொண்டால் காதத்துக்கு 8000 முழம், அதாவது 12,000 அடி, சுமார் 3.66 கிலோமீட்டர். தமிழ் அகராதிகளை எடுத்தால் காதம் என்பதற்குச் சுமார் பத்து மைல் என்று பொருள் போட்டிருக்கும். அது 16 கிலோமீட்டர். ஒரே சொல்லுக்கு நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். எது சரி என்று சிலப்பதிகாரத்திடம் கேட்டுப் பார்க்கலாம். புகாரிலிருந்து மதுரை முப்பது காதம் என்று கோவலன் கண்ணகிக்குச் சொல்கிறான். ஏட்டுக் காதப்படி அது 110 கிலோமீட்டர். அந்தத் தொலைவில் திருச்சியைக்கூட எட்ட முடியாது. அகராதிக் காதப்படி 480 கிலோமீட்டர். மதுரையைத் தாண்டி நெடுந்தூரம் போய்விடும். பூம்புகாரிலிருந்து உறையூர், அங்கிருந்து மதுரை என்று வரைபடத்தில் இரண்டு கோடு இழுத்தால் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வருகிறது. அப்படியானால் கோவலனின் காதம் எட்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு புத்தகங்களுக்கும் பொருந்தாத மூன்றாவது காதம் அது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வழி அளப்பது தனிப் பள்ளி. அங்கே கோல் கிடையாது, பொழுதுதான் அளவு. நாழிகை வழி என்பது 24 நிமிடத்தில் நடக்கும் தூரம். சமவெளியில் ஒரு நாழிகை நடப்பதும், பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து வெள்ளகவி வழியாக ஒரு நாழிகை ஏறுவதும் ஒன்றாகுமா? சாண் ஏறினால் முழம் சறுக்கும் பாதை அது. மலைக்காரரிடம் அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஏறுவதற்கு ஒரு கணக்கும் இறங்குவதற்கு ஒரு கணக்கும் சொல்வார். விவரம் அறியாதவர்கள் அதைக் குழப்பம் என்பார்கள். சுமையோடு நடக்கிறவனுக்கு அதைவிட உதவியான விடை வேறு இல்லை. "இன்னும் ரெண்டு கல்லு தூரம்" என்று மைலைக் கல்லாக்கிப் பேசும் வழக்கு சாலையும் மைல்கல்லும் வந்த பிறகு சேர்ந்தது.

கோலின் பள்ளிக்கு வருவோம். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். நிலத்தை அளந்தால் வரி வரும். வரி வந்தால் வழக்கும் வரும். ஆகவே கையையும் காலையும் நம்ப முடியாது. எல்லோரும் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் அளவு நிலையாக இருக்க வேண்டும். சோழர் காலத்து ஊர்கள் அந்த இடமாகக் கோயில் சுவரைத் தேர்ந்தன. கல்லில் இரண்டு குறிகள் வெட்டி, இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நீளமே இவ்வூர்க் கோல் என்று வைத்தார்கள். ராஜராஜன் காலத்தில், கி.பி. 1000-ஐ ஒட்டி நாடு முழுவதையும் அளந்தபோது பதினாறு சாண் கோல் புழங்கியது. அளவைப் பணியை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்றே பட்டம். 1086-இல் குலோத்துங்கன் மீண்டும் அளக்கச் செய்தான். மன்னனின் ஸ்ரீபாதமே அளவுக்கு அடிப்படை ஆயிற்று.

கோல்களின் பெயர்களைப் படித்தாலே அன்றைய அரசியல் தெரியும். மாளிகைக்கோல், சுந்தரபாண்டியன் கோல், குடிதாங்கிக் கோல். கோல் நீண்டால் அதே நிலத்துக்குக் குழிக் கணக்கு குறையும்; குழி குறைந்தால் வரி குறையும். குடியைத் தாங்குகிற கோல் என்று ஒரு கோலுக்குப் பெயர் வைத்த மக்களின் மனம் எனக்குப் புரிகிறது. குழி என்பதே ஒரு கோல் சதுரம்தான். பிற்காலத் தஞ்சையில் பன்னிரண்டடிக் கோலுக்குக் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். கல்வெட்டில் வேலி என்ற சொல்லைக் கண்டவுடன் 6.6-ஆல் பெருக்குகிறார்களே, அந்த ஊரில் புழங்கியது எத்தனை சாண் கோல், எத்தனை குழிக்கு ஒரு மா என்று பார்த்துவிட்டுப் பெருக்கினால் என்ன?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதில் நமக்கெல்லாம் ஆசான். அங்கே அளித்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல், தோரை என்று நுணுக்கமாக எழுதும்போது, கோயிலில் வைத்திருக்கும் முழத்தால் அளந்தது என்று சேர்த்தே எழுதுகிறார்கள். எந்த முழம் என்று நாம் கேட்பதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே பதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அளவைப் பற்றி இவ்வளவு நேர்மையான எழுத்து அரிது.

சிற்பிகள் பள்ளி தனி உலகம். ஸ்தபதிகளின் கிஷ்கு முழத்திலும் 24 விரல்தான். ஆனால் கணபதி ஸ்தபதி விளக்கிய கணக்கில் விரலுக்கு ஒன்றேகால் அரைக்கால் அங்குலம், அதாவது 1.375 அங்குலம், முழம் 33 அங்குலம். பூக்காரம்மாவின் முழத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மயமதம் 24 விரல் முழத்தோடு 25, 26, 27 விரல் முழங்களையும் சொல்கிறது. சுவாமிமலையில் இன்னும் அழகு. செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று குறித்துக்கொள்கிறார்கள். உத்தம தசதாளம் என்னும் உருவ அளவுக்கு 124 பங்கு. பங்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் விடை கிடையாது. திருமேனி பெரிதானால் பங்கும் பெரிதாகும். வேறோர் அளவுக்கு மாற்றவே முடியாத அளவும் உண்டு என்பதை இந்த ஓலையில்தான் நான் கற்றேன்.

அடுத்தது சங்கிலி. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் நூறடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். தெற்கே வந்தபோது சமவெளியில் குன்றுகள் இல்லாமல் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. ஆறு வாரம் போல உட்கார்ந்து தம் கையாலேயே சீர்செய்தார். ராஜராஜனின் முழம் இருந்த கோயிலில் இங்கிலாந்தின் அடி வந்து மோதியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. 1821-இல் லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியிலிருந்து ஏறிப் பழனி மலைகளை அளந்தார். 

அந்த அடியும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும். இந்திய நில அளவையின் அடி 0.3047996 மீட்டர், 1959-இல் சில நாடுகள் ஒப்பிய அடி 0.3048. கொடைக்கானலின் ஏழாயிரம் அடிக்கு இந்த வேறுபாடு மூன்று மில்லிமீட்டர்கூட வராது. லாம்டனின் ஏழரை மைலுக்கு ஒன்றரைச் சென்டிமீட்டருக்குமேல் வரும். உயரப் பலகைக்கு இது பொருட்டில்லை, எல்லைக்கோட்டுக்குப் பொருட்டு.

1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே இந்த மலையில் மிகச் சிறிய நீளங்களை அளந்துகொண்டிருந்தார்கள். 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் இங்குள்ள வானாய்வகத்தில் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் இம்மி விலகுவதை அளந்து, புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். கணக்கதிகாரத்தின் அணுவுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க நீளம் அது.

கடைசியாக, பூம்பாறைப் படிநிலங்கள். பழைய புலப்படங்களில் எல்லைகளை லிங்க்கில் எழுதியிருப்பார்கள். 66 அடிச் சங்கிலியில் நூறு லிங்க், லிங்க் 7.92 அங்குலம். படத்தில் 214 என்றிருந்தால் 43.05 மீட்டர். பூண்டு போட்டிருக்கும் ஒருவர், தாம் நாடா பிடித்தால் நீளம் கூடுதலாக வருகிறதே, நம்ம நிலத்தைச் சுருக்கிட்டாங்களோ என்று என்னிடம் கேட்டார். அவர் நாடாவைச் சரிவோடு ஒட்டிப் பிடித்திருந்தார். நில அளவையில் சங்கிலியை மட்டமாகத்தான் பிடிப்பார்கள். இறங்கும் பக்கத்தில் ஒருவர் சங்கிலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொட்ட இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து அடுத்த வீச்சு. முப்பது பாகைச் சரிவில் 66 அடி மட்டம் தரையில் 76 அடியாகும்.

நாங்கள் இரண்டு பேரும் அன்று மாலை ஒரு படிநிலத்தை அப்படியே அளந்தோம். குண்டுக்கு ஒரு பூட்டைக் கயிற்றில் கட்டினோம். நாலாவது முளையில் பழைய சர்வே கல் புல்லுக்குள் தலை காட்டியது. நாங்கள் அடித்த முளைக்கும் அதற்கும் நடுவே அவர் கையை வைத்துப் பார்த்தார். "ஒரு சாண்தாண்ணே வித்தியாசம்" என்றார்.