தள்ளத் தெரிந்த கம்பி

கயிற்றால் இழுக்கலாம், தள்ள முடியாது. கிணற்றில் தண்ணீர் சேந்திய எவருக்கும் இது தெரியும். 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் காப்புரிமை பெற்ற கேபிளும் அடிப்படையில் ஒரு கயிறுதான். இறுகச் சுருட்டிய எஃகு உறைக்குள் ஒரு கம்பி. உறை வளைந்து போகும் வழியெல்லாம் கம்பியின் இழுப்பும் கூடவே போகும். சைக்கிள் பிரேக், ஸ்கூட்டர் கிளட்ச் எல்லாம் அதன் வாரிசுகள். கையை விட்டால் கம்பியைத் திரும்ப இழுத்துக்கொள்ள மறுமுனையில் ஒரு ஸ்பிரிங் இருக்கும்.

பழைய எம்ஜிபி காரின் ஹீட்டர் கேபிளுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. இழுப்பதும் அதே கம்பி, தள்ளுவதும் அதே கம்பி. பல இழைகளை முறுக்கிய மெல்லிய கம்பி இந்த வேலைக்கு ஆகாது, தள்ளினால் துவண்டுவிடும். அதனால் உள்ளே ஒற்றைக் கம்பி வைத்தார்கள். பியானோ வயர் என்கிற இனம், தம்புராவின் எஃகுத் தந்திக்குத் தடித்த உடம்புள்ள உறவுக்காரன். தள்ளுகிற அளவுக்கு விறைப்பும் வளைவில் திரும்புகிற அளவுக்கு இளக்கமும் அதற்கு வேண்டும். எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்த பாகம் இதுதான். பளபளக்கும் கிரில்லையும் கம்பிச் சக்கரங்களையும் ரசிக்க ஊரே இருக்கிறது.

1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கார் இது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. திறந்த கூரை, இரண்டு இருக்கை. இங்கிலாந்தின் குளிரில் ஓட்டப்போகிற காருக்கு ஆரம்பத்தில் ஹீட்டரைத் தனிக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதை இன்றும் என்னால் முழுசாக ஜீரணிக்க முடியவில்லை. நவம்பரில் கூரையை இறக்கிவிட்டு, காதுமடல் மரக்க, பாதத்தில் மட்டும் வெதுவெதுப்போடு போவது தனிச் சுகம் என்பார்கள் இதன் பித்தர்கள். அந்த வெதுவெதுப்பு எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலிருந்து வருகிறது. 1798 சிசி எஞ்சினின் சிலிண்டர் தலைப் பின்புறம் ஒரு சின்ன வால்வு உண்டு. டாஷ்போர்டில் வட்டக் குமிழைத் திருப்பினால் கேபிள் அந்த வால்வின் நெம்புகோலை நகர்த்தும், சூடான நீர் ஹீட்டருக்குள் பாயும். இன்னொரு குமிழும் கேபிளும் காற்று கண்ணாடிக்கா காலுக்கா என்பதைத் தீர்மானிக்கும். ஹீட்டர் பெட்டியைக் கழற்றி மாட்டுவது பெரும் தலைவலி. நல்லவேளையாக, கேபிள் சிக்கல் பெரும்பாலும் அதுவரை போகாது.

குமிழ் இறுகிவிட்டது, கேபிள் போய்விட்டது என்றுதான் வண்டிக்காரர் சொல்வார். தேர்ந்த கை அதை நம்பாது. முதல் வேலையாக வால்வுப் பக்கம் திருகைத் தளர்த்திக் கம்பியை விடுவித்துவிட்டு, நெம்புகோலை மட்டும் விரலால் அசைத்துப் பார்க்கும். கோடை முழுக்க யாரும் தொடாத வால்வு உள்ளே உப்புப் படிந்து பிடித்துக்கொண்டிருக்கும். அக்டோபரில் முதல் குளிருக்கு யாரோ குமிழை வேகமாகத் திருகியிருப்பார். வால்வு அசையவில்லை, தள்ளிய விசை வேறெங்கும் போக வழியின்றி, உறைக்கு வெளியே தெரியும் ஒரு விரல் நீளக் கம்பியை வில்லாக வளைத்திருக்கும். அடிபட்டவன் மேலேயே பழியும் விழுகிறது. வால்வைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போட்டால் அதுவும் அடுத்த குளிருக்கு வளையும்.

கேபிளைக் கழற்ற டாஷ்போர்டுக்கு அடியில் நுழைவதை அழகாக வர்ணிக்க முடியாது. தலை பெடல் பக்கம், கால் இருக்கையின் முதுகில், வாயில் டார்ச்.

கேபிள் வெளியே வந்த பிறகுதான் வேலையின் நயம். கம்பியை உறையிலிருந்து மெல்ல உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதன் நீளத்தைப் பார்ப்பார்கள், தச்சர் சட்டத்தின் நேர்மையைப் பார்ப்பதுபோல. லேசான வளைவென்றால் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவார்கள். சுள்ளென்று முறிந்த மடிப்பென்றால் நிமிர்த்துவது வீண், அந்த இடத்தில் எஃகு களைத்துவிட்டது. அப்போதும் உறை நன்றாக இருந்தால் அதே தடிமனில் கம்பியை மட்டும் மாற்றலாம். புதுக் கேபிள் மலிவாகவே கிடைக்கிறது, வாங்குபவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஐம்பது வருடம் ஒரே வழியில் வளைந்து பழகிய உறை தன் பாதையைத் தானே அறியும்.

உறையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேல்முனையில் துருவை இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். முதலில் கீழே காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வடியும். தெளிவாக வடிகிறவரை காத்திருக்க வேண்டும், சிலசமயம் இரவு முழுக்க. கெட்டி கிரீஸை உள்ளே திணிப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். குளிரில் அது இறுகி, எந்த நோய்க்கு மருந்து கொடுத்தோமோ அதையே கொண்டுவரும். மெல்லிய எண்ணெயோ கொஞ்சம் கிராஃபைட்டோ போதும்.

திரும்ப மாட்டும்போது அனுபவமில்லாத கை தவறவிடுவது உறையின் பிடியை. கம்பி நகர வேண்டுமானால் உறை அசையக் கூடாது. கிளிப் தளர்ந்திருந்தால் குமிழைத் திருப்பும்போது மொத்தக் கேபிளும் பாம்பாக நெளியும், வால்வு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். ரொம்ப இறுக்கினாலோ உறை நசுங்கிக் கம்பியை உள்ளேயே கவ்விவிடும். வளைவுகளையும் தாராளமாக விட வேண்டும், இடுக்கில் மடக்கித் திணிக்கக் கூடாது. கடைசியாக, குமிழைக் குளிர்ப் பக்கம் வைத்து, அந்த முனைக்கு ஒரு மயிரிழை முன்பாக நிறுத்தி, வால்வை முழுக்க மூடி, திருகை முடுக்குவார்கள். அந்த மயிரிழை இல்லாவிட்டால் குமிழ் எல்லையைத் தொட்ட பிறகும் வால்வு சொட்டிக்கொண்டிருக்கும், கோடையில் கால் வேகும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு வெப்பமானி முள் நடுவுக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டும். குமிழைத் திருப்புகையில் கம்பி உறைக்குள் உரசும் மெல்லிய சரசரப்பு விரல்நுனிக்குத் தெரியும். பானட்டைத் திறந்து, வால்வுக்கு அப்பால் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தால், முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் சுடத் தொடங்குகிறது.