ஊர்சுற்றிகளும் ஊரிழந்தோரும்

முன்திட்டம் ஏதுமின்றித் தரைவழியே நெடுந்தூரம் அலைவதைப் போற்றும் எழுத்து இன்று பெருகி வருகிறது. கிணற்றுத் தவளை மனப்பான்மையை உடைக்கும் எதுவும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவ்வெழுத்தை எந்த அளவுகோலால் அளப்பது? பாலாவியில் நின்று இரண்டு நூல்களை நோக்குவோம்.

முதலாவது, இபுனு பதூதாவின் பயண நூல். 1325இல் தாஞ்சியரை விட்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அலைந்தார். 1344இல் புத்தளக் கரையில் இறங்கிய அவர், பாவாத மலையைக் காண விழைந்தார். ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும், அதைச் சுமக்க அடிமைகளும், 4 யோகியரும், 3 பிராமணரும், 10 துணைவரும், உணவு சுமக்க 15 பேரும் தந்தான் என்கிறது நூல். பல்லக்கில் இருந்தவரை உலகம் அறியும். சுமந்தவரின் பெயர் ஒன்றேனும் அங்கில்லை. எனினும் சுமந்தோர் இருந்தனர் என்பதை மறைக்காத நேர்மை அந்நூலுக்கு உண்டு. இன்றைய பயணக் கட்டுரைகள் பலவற்றில் அதுவும் இல்லை.

இரண்டாவது, ராகுல் சாங்கிருத்தியாயனின் 'ஊர்சுற்றிப் புராணம்'. களனி வித்தியாலங்காரத்தில் கற்பித்தும் கற்றும் வாழ்ந்த அவ்வறிஞர், ஊர்சுற்றி பிறர்க்குப் பாரமாகாமல் கைத்தொழில் கற்றிருக்க வேண்டும் என்கிறார். பெண்களுக்கும் அவ்வுரிமை உண்டென்று தனி அதிகாரமே வகுக்கிறார். பல்லக்கை விட்டிறங்கிய பயணம் இது. அதுவே இந்நூலின் பெருமை. ஆனால் வீட்டுப் பற்றை அறுத்தெறி என அவர் இளைஞரை அழைக்கும் இடத்தில் நாம் சற்றே நிற்க வேண்டியுள்ளது. அறுப்பதற்கு முதலில் வீடு வேண்டும். அறுக்கும் கையும் தன் கையாக இருத்தல் வேண்டும். உப்பளத்தில் நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு ஒருநாள் அலைச்சல் என்பது ஒருநாள் பட்டினியன்றோ?

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் 2 மணி நேரமே. பல்லாயிரவர் நடந்தும், கிடைத்த வண்டியிலும் படகிலும் ஏறியும் புத்தளம், கற்பிட்டி, பாலாவிப் பகுதிகளை வந்தடைந்தனர். அவர்களுக்கும் முன்திட்டம் இல்லை. அடுத்த இரவு எங்கே என்பதும் தெரியாது. வெளித்தோற்றத்தில் இதுவும் ஊர்சுற்றியின் பயணமே. ஆனால் இதனை விடுதலை என்று எவர் கூறத் துணிவார்?

ஆகவே அளவுகோல் தெளிவாகிறது. திட்டமின்மை மட்டும் விடுதலையாகாது. போகும் உரிமையும் திரும்பும் உரிமையும் ஒருங்கே உள்ளவனுக்கே அலைச்சல் இன்பம்; இரண்டும் பறிக்கப்பட்டவனுக்கு அது தண்டனை. இவ்வேறுபாட்டைக் காணாத பயண எழுத்து, எவ்வளவு அழகாயினும், பாதி உண்மையே. பயணக் கட்டுரையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களும், நாளை எழுதப்போகும் மாணவர்களும் இதை மனத்திற் கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பாலாவிக்கு நடந்த கால்களின் கதையும் பயண இலக்கியமே. அதை நடந்தவர்களின் பெயர்களோடு எழுதுவோம்.